நீல உதடு

சொலேன் ஒரு சிறு டப்பாவைத் திறந்தாள்.
நாகப்பழம் தின்ற வாய்க்கு அடுத்த நிறம்.
"உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது,
கேமராவுக்குத் தெரியவேண்டும்" என்றாள்.
"மனித முகத்தில் நீலம் கிடையாது. அதனால்தான்."

மணிக்குப் பதினைந்து யூரோ.
கிரெனோபிளில் பிப்ரவரி.
வெளியே மலை, மலைமேல் பனி.
உள்ளே நான், ஒலி புகாத பெட்டியில்,
தலை அசையாதிருக்கப் பின்னால் ஒரு தாங்கி,
சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்த மாதிரி.

திரையில் வாக்கியம் வரும், படிக்கவேண்டும்.
மேசைமேல் ரொட்டி இருக்கிறது.
மேசைமேல் கை இருக்கிறது.
இருநூற்றுப் பதினோராவது வாக்கியத்தில்
கொட்டாவி விட்டேன்.
அதையும் பதிவு செய்துகொண்டார்கள்.

பிறகு என் குரலின்மேல் சத்தத்தைக் கொட்டினார்கள்:
உணவகத்துத் தட்டுகள்,
வளைவில் கிரீச்சிடும் டிராம்,
இருபது பேர் சேர்ந்து பேசும் சளசளப்பு.
மோர் என்று நான் சொன்னது
(இந்த ஊரில் மோர் என்றால் மரணம், தாளித்துக் குடிப்பதல்ல)
இயந்திரத்தின் காதில் நோர் என்று விழுந்தது.
வடக்கு.
செத்துப்போனவனை வடக்கே அனுப்பிவைத்தது.
உதட்டைக் காட்டியதும் தயங்கியது.
மூடியிருந்ததே இந்த வாய், மூடித்தானே திறந்தது?
அடித்துத் திருத்தி எழுதியது: மரணம்.
சொலேன் கைதட்டினாள்.
மரணத்துக்குக் கைதட்டிய ஒருத்தியை
அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் ஒலியை அடைத்துவிட்டு
வாயை மட்டும் காட்டினால்
ரொட்டி, கை, குளியல் மூன்றும் ஒன்று.
பிரெஞ்சில் மூன்றுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டும்,
ஒரே மாதிரி பிரியும்.
மேசைமேல் குளியல் இருக்கிறது என்று எழுதியதற்கு
யாரும் கைதட்டவில்லை.

"உன் மொழியில் ஏதாவது சொல்லேன், சும்மா."
எனக்குக் குறும்பு வந்தது.
உதடு உதட்டில் படாமல், குவியாமல்
செய்யுள் கட்டும் வித்தை ஒன்று எங்களிடம் உண்டு,
நிரோட்டகம் என்று பெயர்.
காலையில் வீட்டில் நடந்ததை வைத்து அங்கேயே கட்டினேன்:

சாலை நனைய நனைய நின்றேன்.
என்னைக் காணாதே சென்றாய்.
சரி. சரிதான்.

நீலக் கோடுகள் இரண்டும் கடைசிவரை தொடவே இல்லை.
"பேசினாயா?" என்றாள் சொலேன், திரையைப் பார்த்தபடி.
பேசினேன்.

பஞ்சால் துடைத்தேன், எண்ணெயால் துடைத்தேன்.
வாயோரத்தில் கொஞ்சம் தங்கிவிட்டது.
டிராமில் எதிரே இருந்த குழந்தை
கண் எடுக்காமல் பார்த்தது.

நோத்ர்தாம் நிறுத்தத்தில்
எதிர்த்தண்டவாளத்து டிராமுக்குள் இருதயராஜ்.
இரவு வேலைக்குப் போகிறான்,
அதே சாம்பல் குல்லாய்.
இரண்டு கண்ணாடி நடுவில்,
கண்ணாடிகளுக்கு நடுவில் மழை.
காலையில் இருந்து நாங்கள் பேசவில்லை;
அவன் தம்பிக்கு அனுப்பிய எண்ணூறு யூரோ,
எனக்குச் சொல்லாமல் அனுப்பியது.

என்னைப் பார்த்துவிட்டான்.
உதடு ஒட்டிப் பிரிந்தது.
நாக்கு பல்லுக்குப் பின்னால் தட்டியது.
பிறகு வாய் இரு பக்கமும் விரிந்தது.
இரண்டு எழுத்து, நடுவில் ஓர் ஒற்று.
அதற்குள் அவன் டிராம் நகர்ந்துவிட்டது.

மன்னிச்சுக்கோ என்பதின் முன்பாதியா?
முழுசாகவே பன்னியா?
நாள் முழுக்க இதற்குத்தானே கூலி வாங்கினேன்,
மகரத்துக்கும் பகரத்துக்கும் ஒரே வாய்.
அவன் இரண்டும் சொல்லக்கூடியவன்,
அதிலும் ஒரே நாளில்.

நானும் ஏதோ சொன்னேன்.
உதடு ஒட்டாத சொல்தான்.
காலி தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னேன்.
அவனுக்குத் தெரிந்திருந்தால்
இவ்வளவுதான் தெரிந்திருக்கும்:
மழைக்குப் பின்னால்
ஓரம் நீலமாக ஒரு வாய்
கொஞ்சம் திறந்திருந்தது.